பையின் எடை நாற்பது

நாலாம் குறுக்குத்தெருவில்
பகலெல்லாம் வெங்காயம் நிறுக்கிறவன் நான்.
இரவில், கொட்டாஞ்சேனை வீட்டுக் குசினியில்
ஒரு கோழியை நிறுக்கிறேன்.

துணிப்பைக்குள் இறக்கி
தலையை மட்டும் வெளியே விட்டு
கொளுக்கித் தராசில் மாட்டினால்
அது என்னைப் பார்க்கிறது,
கடன் கேட்டு வந்தவனைப் பார்ப்பது போல.

பெயர் மிச்சக்காசு.
ஆமர் வீதிக் கடைக்காரன்
நூறு ரூபா மாற்ற இல்லையென்று
கூடைக்குள்ளிருந்து குஞ்சொன்றை எடுத்து நீட்டினான்.
அபிஷா கையை மூடிக்கொண்டாள்,
பிறகு திறக்கவேயில்லை.

நோய்க்கு முன் ஒன்று எண்ணூறு.
நோய் விட்ட அன்று ஒன்று நூற்றிருபது.
பையின் எடை நாற்பது,
கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.
தொழில்காரன் கழிக்காமல் விடுவானா.

நெஞ்சைத் தடவினால்
கவிழ்த்துப்போட்ட தோணியின் அடிக்கட்டை.
இரண்டு பக்கத்துச் சதையும்
பதினொரு நாள் இழுத்த மூச்சோடு போய்விட்டது.
மருந்து முடிந்தது, இனி "கேம தெண்ட" என்றார்
மிருக வைத்தியர்.
சோறு போடு. அவ்வளவுதான்.
ஆயிரத்தைந்நூறு ரூபாவுக்கு இரண்டு சொல்.

முட்டை அவித்து மசித்து வைத்தேன்.
"கோழிக்கே முட்டையா?" என்றாள் புஷ்பகாந்தி.
"அது தந்த கடன்தானே" என்றேன்.
சிரிக்கவில்லை. முட்டை விலை அப்படி.
முளைவிட்ட பயறு,
தயிரில் குழைத்த தீன்,
நெத்தலியை வறுத்து இடித்த தூள்.
எல்லாவற்றையும் அலகால் ஒருமுறை தொட்டுவிட்டு
சுவரைப் பார்த்து நின்றது.

பாங்கு சொன்ன நேரம்
பக்கத்து வீட்டு ஃபஸ்மியா மதிலுக்கு மேலால் தந்த
நோன்புக்கஞ்சிக் கோப்பையில்
நாங்கள் வாய் வைக்குமுன் அது அலகை வைத்தது.
தலையை உயர்த்தி, விழுங்கி,
மறுபடி.
அபிஷா மூச்சு விடவில்லை.
மறுநாளிலிருந்து ஃபஸ்மியா இரண்டு கோப்பை தந்தாள்,
ஒன்று உப்புப் போடாமல்.

மின்சார பில்லின் பின்பக்கத்தில்
அபிஷா எழுதிக்கொண்டு வந்தாள்:
நூற்று நாற்பது.
நூற்று அறுபது.
மழை விழுந்து காண் நிரம்பி
வாசலுக்குத் தண்ணீர் வந்த நாள்
திரும்பவும் நூற்று நாற்பது.

முந்தாநாள் இரவு
ஒன்று இருநூற்றுப் பத்து!
அவள் கை தட்டினாள்.
தட்டும்போதுதான் கண்டேன்,
என் சுண்டுவிரல்
பையின் காதில் தொங்கிக் கிடப்பதை.

இருபத்திரண்டு வருடம்.
முதலாளி வாய் திறந்து ஒருநாளும் சொன்னதில்லை.
கண் அசையும், விரல் கேட்கும்.
கிலோவுக்கு ஐம்பது கிராம்.
எத்தனை சட்டியிலிருந்து
எத்தனை வெங்காயம்.
அந்த விரலுக்கு
வீடு எது, கடை எது என்று தெரியவில்லை.

எடுத்தேன்.
முள் நடுங்கி இறங்கி நின்றது.
"ஒன்று நூற்று அறுபது. எழுது."
ஏனென்று கேட்காமல் அவள்
முதல் கணக்கைக் கோடு போட்டு வெட்டினாள்.
கேட்டிருக்கலாம்.

நேற்றுக் கடையில்
அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
காற்சட்டைப் பைக்குள் விட்டு
ஒற்றைக் கையால் நிறுத்தேன்.
"காயமா?" என்று கேட்டான்
மூட்டை இறக்கிய நாட்டாமை மருதை.
முதலாளி ஒன்றும் கேட்கவில்லை,
கல்லாவிலிருந்து என் பைக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.
இன்றைக்கும் பார்த்தார்.

இரவு வந்து
நெத்தலித் தூளை உள்ளங்கையில் நீட்டினேன்.
தின்றது.
தூள் முடிந்ததும்
சுண்டுவிரலைப் பிடித்து ஒரு கொத்து.
தோல் கிழிந்தது.

போன கிழமை அதற்கு
இவ்வளவு பலம் இல்லை.